இல்லாத மேயரின் வீடு

இங்கிலாந்தின் டார்செஸ்டர் ஊரில், சவுத் ஸ்ட்ரீட்டில் கடைகளுக்கு நடுவே பழைய செங்கல் மாளிகை ஒன்று நிற்கிறது. நெடுங்காலம் வங்கியாக இருந்த கட்டடம். சுவரில் நீல நிற வட்டப் பலகை. காஸ்டர்பிரிட்ஜ் மேயர் குடியிருந்ததாகக் கருதப்படும் வீடு இது என்கிறது அந்தப் பலகை. 1885-இல் எழுதப்பட்ட தாமஸ் ஹார்டியின் கதையில் வருகிறவர் என்ற விவரமும் அதிலேயே இருக்கிறது. காஸ்டர்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் கிடையாது. அந்த மேயர் எந்தத் தாய்க்கும் பிறந்தவரில்லை, எந்தக் கல்லறையிலும் இல்லை. ஆனால் வீடு இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

ஹார்டியைப் படிக்காதவர்களுக்காகக் கதையின் முதல் முடிச்சை மட்டும் சொல்கிறேன். மைக்கேல் ஹென்சார்ட் வைக்கோல் கட்டும் கூலி. வேலை தேடிப் போகிற வழியில் ஒரு சந்தைக் கூடாரத்தில் ரம் கலந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, பெண்டாட்டி சூசனையும் கைக்குழந்தையையும் ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றுவிடுகிறான். போதை தெளிந்ததும் தேடுகிறான், ஆள் அகப்படவில்லை. அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்று. இன்னும் இருபத்தொரு வருடம் சாராயத்தைத் தொடுவதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்கிறான். பதினெட்டு வருடம் கழித்து அவனைத் தேடிக்கொண்டு சூசன் ஊருக்குள் வரும்போது அவன் பெரிய தானிய வியாபாரி, ஊருக்கே மேயர்.

பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் இது எங்களுக்குப் பாடம். முதல் அத்தியாயத்தைப் பேராசிரியர் வகுப்பில் சத்தமாக வாசித்தார். அந்தக் கூடாரத்துக் கிழவி விற்கும் ஃபர்மிட்டி என்றால் என்ன என்று ஒருவன் கேட்டான். "கோதுமைக் கஞ்சிதாம்ல. அந்தக் கிழவி அதுல கொஞ்சம் சரக்கு ஊத்திருக்கா" என்றார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அவ எதுக்கு சார் அந்த மாலுமியோட போனா? வித்தான்னா போயிரணுமா?" பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு."

பரீட்சைக்கு வராத அந்தக் கேள்விதான் எனக்கு மிஞ்சியது. ஹென்சார்ட்டின் குணச்சித்திரம் பற்றி எழுதி வாங்கிய மார்க் ஞாபகமில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் பிறகு பல இடங்களில் துண்டு துண்டாகக் கிடைத்தது. இங்கிலாந்தில் 1857 வரைக்கும் முழு விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். சீமான்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். ஏழைகளுக்குள் வேறொரு வழக்கம் இருந்தது. கழுத்தில் கயிறு கட்டி மனைவியைச் சந்தைக்குக் கூட்டிவந்து, நாலு பேர் பார்க்க ஏலம் கூறி, மாட்டுக்குக் கட்டுவது போலவே சந்தை வரியும் கட்டிவிட்டால் பழைய கட்டு அறுந்து புதுக் கட்டு ஏற்பட்டுவிட்டது என்று நம்பினார்கள். சட்டம் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வாங்குகிறவன் பெரும்பாலும் முன்பே பேசி வைத்த ஆள்தான், பெண்ணின் சம்மதமும் பல சமயம் இருந்தது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். இருந்தாலும் கயிறு கயிறுதான். நாவலின் சூசன் அந்த விற்பனை தன்னைக் கட்டுப்படுத்தும் என்று மனமார நம்பியவள். அதனால் போனாள், அதனால் அந்த மாலுமியோடு உண்மையாகவும் வாழ்ந்தாள். அவளைப் பேதை என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ அந்தக் கூடாரத்தில் கொடுத்த வாக்கைப் பெரிதாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான் என்று படுகிறது.

ஹார்டி இதைக் கற்பனையில் பிடிக்கவில்லை. 1880-களில் சொந்த மண்ணுக்குத் திரும்பிய பிறகு, அறுபது வருடத்துக்கு முந்தைய உள்ளூர்ப் பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கு, விபத்து, திருட்டு, மனைவி விற்பனை என்று ஒரு நோட்டில் குறிப்பெடுத்தார். நாவலின் முன்னுரையில் அவரே சொல்கிறார், இந்த வட்டாரத்தில் நடந்த மூன்று சங்கதிகளிலிருந்து கதை கிளைத்தது என்று. ஒன்று மனைவி விற்பனை. இன்னொன்று ராஜகுடும்பத்தவர் ஒருவரின் வருகை. மூன்றாவது, தானியச் சட்டம் நீக்கப்படுவதற்கு முந்தைய நிச்சயமில்லாத அறுவடைகள்.

அந்த மூன்றாவதை எங்களுக்கு யாரும் சரியாக நடத்தவில்லை. என் மாமா அம்பாசமுத்திரத்தில் நெல் மண்டி வைத்திருந்தார். லீவுக்குப் போனபோது அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பெண்டாட்டியை விற்ற இடத்தில் "சீ" என்றதோடு சரி. ஹென்சார்ட் குறிசொல்லும் ஒருவனிடம் போய் இந்த வருஷம் அறுப்புக்கு மழை உண்டா என்று கேட்டு, உண்டு என்ற பேச்சை நம்பி, கடன் வாங்கிக் கோதுமையை வாங்கிக் குவிக்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயில் காய்கிறது. விலை சரிகிறது. பயந்துபோய் நஷ்டத்துக்கு விற்றுத் தள்ளுகிறான். விற்று முடித்த பிறகு மழை பிடித்துக்கொள்கிறது. மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "சரக்கு புடிச்சதுல தப்பில்ல. புடிச்ச பெறவு வானத்தப் பாத்தான் பாரு, அங்கதான் தொலஞ்சான்." அடுத்த கேள்வி, ஹென்சார்ட்டிடம் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்து பிறகு எதிர்க்கடை போட்ட ஸ்காட்லாந்துக்காரன் ஃபார்ஃப்ரே எவ்வளவு லாபம் பார்த்தான் என்பது. நாவலில் அந்தக் கணக்கு இல்லை என்றதும் மாமாவுக்கு ஆசிரியர் மேல் மதிப்புக் குறைந்துவிட்டது.

லண்டன் வாட்டர்லூவிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து வந்தால் டார்செஸ்டர் சவுத். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மர நிழலில் நடைபாதை. ரோமானியர் கட்டிய மதில் இருந்த கோட்டின் மேலேயே போகிறது. அவர்கள் காலத்தில் ஊரின் பெயர் டுர்னோவாரியா. நான்கு தெருக்கள் கூடுகிற இடத்துக்கு கார்ன்ஹில் என்று பெயர். அங்கே 1784-ஆம் வருடத்துத் தூண் ஒன்று, அடியில் தண்ணீர்க் குழாயோடு. கொஞ்சம் தள்ளி 1848-இல் கட்டிய தானிய வணிகக் கூடம். இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு உள்நாட்டு நிலக்கிழார்களைக் காத்துவந்த சட்டத்தை 1846-இல் நீக்கினார்கள். அதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில் மழையே மார்க்கெட். ஊருக்கும் வயலுக்கும் நடுவே புறநகர் என்று ஒன்று கிடையாது. தெரு முடிகிற இடத்தில் கதிர் ஆரம்பிக்கும். அந்த ஊரைத்தான் ஹார்டி காஸ்டர்பிரிட்ஜ் என்று எழுதினார். விதைக்கும் கருவி ஒன்று முதன்முதலாகக் கடைத்தெருவுக்கு வந்து நிற்கிற காட்சி நாவலில் உண்டு. ஃபார்ஃப்ரே அதற்குள் தலையை விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே இயந்திரத்தை ஆராய்வான். ஹென்சார்ட்டுக்கு அது வேடிக்கைப் பொருள். மாமா அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் அப்போதே பந்தயம் கட்டியிருப்பார், எந்தக் கடை நிலைக்கும் என்று.

தெருவில் நடக்க நடக்க, நிஜத்தில் நடந்ததும் கதையில் நடந்ததும் கலந்து வந்தன. கிங்ஸ் ஆர்ம்ஸ் விடுதியின் வளைந்த ஜன்னலைக் காட்டி ஒரு அம்மாள் தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்கேதான் மேயருக்கு விருந்து. அவள் தெருவில் நின்று பார்த்தாள்." சூசனைத்தான் சொல்கிறார். அதே தொனியில்தான் ஆன்டிலோப் விடுதியையும் சொன்னார்: "இங்கேதான் ஜெஃப்ரீஸ்." அது கதையில்லை. 1685-இல் மன்மத் பிரபுவின் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு நீதிபதி ஜெஃப்ரீஸ் ஊர் ஊராக வந்து தண்டனை கொடுத்தார். டார்செஸ்டரில் மட்டும் எழுபத்துநான்கு பேருக்கு மரணம். அந்த அம்மாளின் குரலில் இரண்டுக்கும் ஒரே எடை. அவரைக் குறை சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் இருக்கிறது.

ஷயர் ஹால் என்ற பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். 1834 மார்ச் மாதம் டோல்பட்டில் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரை நிறுத்தி விசாரித்த கூண்டு அப்படியே இருக்கிறது. வாரக் கூலி குறைந்துகொண்டே வந்து ஏழு ஷில்லிங்குக்கு இறங்கி, ஆறாகும் என்ற பேச்சும் வந்தபோது சங்கம் கூடினார்கள். சங்கம் கூடுவது அன்றைக்குக் குற்றமில்லை. கண்ணைக் கட்டி ரகசியச் சத்தியம் வாங்கினார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். நாடு முழுக்கக் கொதித்தது. இரண்டு வருடத்தில் மன்னிப்புக் கொடுக்க வேண்டிவந்தது. கூண்டுக்குள் நின்று பார்க்க விடுகிறார்கள். நின்றேன். நீதிபதியின் நாற்காலி எதிரே உயரத்தில் இருக்கிறது, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இந்த மாதிரி ஓர் ஆசனத்தில்தான் முன்னாள் மேயர் ஹென்சார்ட்டும் உட்கார்ந்திருப்பார், தெருவில் அசிங்கம் செய்த ஒரு கிழவியை விசாரிப்பதற்காக. கிழவி நிமிர்ந்து பார்த்து, "இந்த ஆள்தான் என் கூடாரத்தில் பெண்டாட்டியை விற்றவன், இவருக்கு என்னை விசாரிக்க என்ன யோக்கியதை" என்கிற மாதிரி சொல்லிவிடுவாள். ஹென்சார்ட் மறுக்கலாம். சாட்சி கிடையாது. "உண்மைதான்" என்று ஒப்புக்கொண்டு ஆசனத்தைவிட்டு இறங்குகிறான். அந்த நாவலிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். டோல்பட்டில் வழக்கின் நீதிபதி அப்படி இறங்கவில்லை.

ஹார்டி 1840-இல் பிறந்தது ஊருக்குள் இல்லை; ஐந்து கிலோமீட்டர் தள்ளி மேல் பொக்காம்ப்டனில், கொள்ளுத்தாத்தா கட்டிய கூரை வீட்டில். அப்பா கொத்தனார். பையன் தினமும் நடந்தே டார்செஸ்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். பதினாறு வயதில் சவுத் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். பக்கத்துக் கட்டடத்தில் வில்லியம் பார்ன்ஸ் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். டார்செட் கிராமப் பேச்சிலேயே கவிதை எழுதிய மனிதர்; அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர். இலக்கணச் சந்தேகம் வந்தால் பையன்கள் அவரிடம்தான் ஓடுவார்களாம். செயின்ட் பீட்டர் கோயில் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஹார்டியின் சிலை ஊரின் மேல் முனையில், தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்த நிலையில். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஊரின் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பெயர் தாமஸ் ஹார்டி பள்ளி. அது பதினாறாம் நூற்றாண்டில் அதற்குக் கொடை கொடுத்த வேறொரு ஹார்டி. தென்மேற்கே குன்றின் மேல் நிற்கும் ஹார்டி நினைவுத் தூண் டிரபால்கர் போரில் நெல்சனின் கப்பலில் இருந்த கேப்டன் ஹார்டிக்கு. இலக்கியப் பக்தர்கள் பலர் அந்தக் குன்றில் மூச்சிரைக்க ஏறிவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

தொழில் பழக வந்த அதே 1856-இல் ஒரு மழைநாள் காலையில் சிறை வாசலில் மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். அடித்துத் துன்புறுத்திய கணவனைக் கோடரியால் கொன்றவள். கூட்டத்தில் முன்னால் நின்று பார்த்த ஹார்டிக்கு வயது பதினாறு. எண்பதைத் தாண்டிய வயதிலும் ஒரு கடிதத்தில் அந்த உருவத்தை எழுதினார், மழையில் நனைந்த உடை உடம்போடு ஒட்டியிருந்ததைக்கூட மறக்காமல். டெஸ் நாவலின் முடிவில் தூக்குக் கொடி ஏறுவதற்குப் பின்னால் இந்தக் காலை இருக்கிறது என்று பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. கதையில் வந்த மேயருக்கு வீடும் பலகையும் கிடைத்தன. மார்த்தா பிரவுன் ஒரு நாவலுக்குள் வேறு பெயரில் போய்த்தான் ஆயுசை நீட்டிக்கொள்ள முடிந்தது. அந்தச் சிறையையும் 2013-இல் மூடிவிட்டார்கள்.

அவளுக்கு முந்தியவள் மேரி சானிங். கணவனுக்கு விஷம் வைத்ததாகத் தீர்ப்பாகி, 1706-இல் மாம்பரி ரிங்ஸ் திடலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்க்க எரிக்கப்பட்டவள். அந்தத் திடலின் கதை இன்னும் பழையது. கற்காலத்தில் வட்டமாகக் கட்டிய மண்மேடு. ரோமானியர் அதையே குடைந்து விளையாட்டரங்கமாக்கினார்கள். உள்நாட்டுப் போரில் பீரங்கி வைத்தார்கள். 1908-இல் அங்கே அகழாய்வு தொடங்கியபோது ஹார்டி லண்டன் டைம்ஸில் கட்டுரை எழுதினார், மேரி சானிங்கை மறக்காமல். நாவலில் ஹென்சார்ட்டும் சூசனும் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ரகசியமாகச் சந்தித்துக்கொள்வதும் இந்தத் திடலில்தான். வேறு யாராவது எழுதியிருந்தால் ஆற்றங்கரையில் சந்திக்க வைத்திருப்பார்கள். ஒருத்தியை எரித்த இடத்தில், விற்கப்பட்ட இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்த ஹார்டிக்குத்தான் தோன்றியிருக்கிறது.

பணம் வந்ததும் ஊருக்கு வெளியே தானே வரைபடம் போட்டு வீடு கட்டினார்; அப்பாவும் தம்பியும் கொத்து வேலை. 1885-இல் குடிபோனார். மாக்ஸ் கேட் என்று பெயர். அஸ்திவாரம் தோண்டும்போது ரோமானியர் கால எலும்புக்கூடுகள் கிளம்பின, முட்டை வடிவக் குழிகளில் ஒடுங்கிப் படுத்தபடி. ஹார்டி அளந்து, குறித்து, உள்ளூர் ஆய்வுக் கழகத்தில் கட்டுரையாகவும் வாசித்தார். சில வருடம் கழித்துத் தோட்டத்தில் பெரிய கல் ஒன்று அகப்பட்டது. துருயிடு பூசாரிகளின் கல் என்று பெயர் வைத்து நிறுத்திக்கொண்டார். 1980-களின் பிற்பகுதியில் புறவழிச்சாலைக்காகத் தோண்டியபோதுதான் தெரிந்தது, அந்த வீடு ஒரு கற்கால வட்ட அகழியின் ஒரு பாதியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று. ஏறக்குறைய கி.மு. 3200-ஐச் சேர்ந்தது என்று அண்மையில் காலம் கணித்திருக்கிறார்கள். தன் வாழ்நாள் முழுக்க மண்ணுக்கடியில் யார் யார் கிடக்கிறார்கள் என்றே யோசித்த மனிதர், அதன் மேலேயே நாற்காலி போட்டு எழுதியிருக்கிறார். டெஸ், ஜூட் நாவல்கள் இரண்டும் அங்கே எழுதியவைதான். தோட்டத்து மூலையில் செல்லப் பிராணிகளின் கல்லறைகள். வெசெக்ஸ் என்ற நாய் அங்கே கிடக்கிறது. வந்த விருந்தாளிகளைக் கடித்தே பெயர் வாங்கிய நாய்.

மெய்டன் காசில் ஊரிலிருந்து தென்மேற்கே கால் மணி வண்டித் தூரம்கூட இல்லை. காசில் என்ற பெயரை நம்பிப் போனால் கோட்டை கொத்தளம் ஒன்றும் இருக்காது. மடிப்பு மடிப்பாக மண் அரண்கள், நடுவில் ஆடு மேய்கிற நாற்பத்தேழு ஏக்கர். ஐரோப்பாவிலேயே பெரிய இரும்புக்கால மலைக்கோட்டைகளில் ஒன்று. ஹார்டி இதை வைத்தும் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார், ராத்திரியில் விளக்கை மறைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகத் தோண்டும் ஓர் ஆராய்ச்சியாளரைப் பற்றி. அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, 1934-இல், அங்கே பகலில் முறையாகத் தோண்ட வந்தவர் மார்ட்டிமர் வீலர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பாண்டிச்சேரி அரிக்கமேடு ஞாபகம் வந்துவிட்டது.

வீலர் தோண்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு சொல்வதிலும். நான்கு பருவங்கள், 1937 வரை, மனைவி டெஸ்ஸாவோடு சேர்ந்து தோண்டினார். டெஸ்ஸா நடுவில் 1936-இல் இறந்துபோனார். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களுக்கு ஆட்களை வைத்து விளக்கம் சொல்லி, அஞ்சலட்டை விற்று, கோட்டையில் குவியல் குவியலாகக் கிடைத்த கவண்கற்களில் சிலவற்றைக்கூட விலைக்குக் கொடுத்துச் செலவுக்குப் பணம் திரட்டினார். சந்தை ஊருக்குப் பொருத்தமான ஆள். கிழக்கு வாசலில் மயானம் ஒன்று வெளிப்பட்டது. வெட்டுப்பட்ட மண்டைகள், ஒரு முதுகெலும்பில் இரும்பு முனை குத்தியபடியே நின்றது. டார்செட் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். வீலர் கதையை எழுதிவிட்டார்: கி.பி. 43, பிற்பாடு பேரரசனான வெஸ்பேசியனின் படை, அம்பு மழை, தீ, வாசலில் படுகொலை, இருட்டில் அவசர அவசரமாகப் புதைத்த உறவினர்கள். படித்தால் மயிர்க்கூச்செறியும். பாடப்புத்தகத்திலெல்லாம் ஏறிவிட்டது. பிற்கால அகழாய்வுகள் சந்தேகம் கிளப்பின. 2025-இல் போர்ன்மத் பல்கலைக்கழகத்தார் அந்த எலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தினார்கள். இறந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சாகவில்லை. ஒன்றிரண்டு தலைமுறைக் காலத்தில் பரவிக்கிடக்கும் சாவுகள், பலவும் ரோமானியர் வருமுன்பே. தங்களுக்குள் வெட்டிக்கொண்டு மாய்ந்திருக்கவே சாத்தியம் அதிகம். வெஸ்பேசியன் மலையேறவே இல்லையோ என்னவோ.

இதே வீலர்தான் 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்து, சென்னை அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் ஒதுக்கி வைத்திருந்த பானை ஓடு ஒன்றைக் கண்டு திகைத்தவர். மத்தியதரைக் கடல் பகுதியில் மது அனுப்பும் ஜாடியின் கழுத்து. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பாண்டிச்சேரி. அங்கே போனால் நூலகத்தில் இத்தாலிய அரெட்டைன் வகைச் சிவப்பு ஓடுகள். 1945-இல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில் தோண்டினார். அந்த ஓடுகளின் காலம் இத்தாலியில் தெரிந்தது. அதை வைத்துத் தென்னிந்தியப் பானைகளுக்கு முதன்முதலாக ஒரு நிலையான காலக்கோடு கிடைத்தது. அது பெரிய காரியம், மறுக்க முடியாது. ஆனால் இங்கேயும் ஒரு கதை சேர்ந்துகொண்டது: ரோம வணிகத்தால் எழும்பிய துறைமுகம் என்று. 1989 முதல் விமலா பெக்லி தோண்டியபோது, ரோமானியர் வருவதற்கு வெகு முன்பே அங்கே ஜனங்கள் வாழ்ந்து, மணி கோத்து, வியாபாரம் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் போன பிறகும் செய்திருக்கிறார்கள்.

நான் அரிக்கமேட்டுக்குப் போனபோது மாந்தோப்புக்குள் ஒரு செங்கல் சுவர் இடிந்து நின்றது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்காமலே சொன்னார்: "ரோமாபுரிக்காரன் கட்டுனது சார்." அந்தச் சுவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மனையின் மிச்சம். வீலர் தோண்டிய குழிகளையெல்லாம் மண் மூடியாயிற்று; பார்க்க வருகிறவனுக்குக் கண்ணுக்கு ஒன்று வேண்டும், சுவர் இருந்தது, ரோம் அதில் குடியேறிவிட்டது. சவுத் ஸ்ட்ரீட் மாளிகையில் ஹென்சார்ட் குடியேறியதும் இந்த வழியில்தான். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹார்டி தன்னுடையது கதை என்று அட்டையிலேயே போட்டுவிட்டார்.

இத்தாலிய மது ஜாடிகள் டார்செட் கடற்கரையிலும் கிடைத்திருக்கின்றன என்று அருங்காட்சியகத்தில் படித்தபோது, வீலருக்கு அலமாரியில் அந்தக் கழுத்து ஏன் கண்ணில் பட்டது என்று கொஞ்சம் புரிந்தது. பழகின சரக்கு.

ஊரின் கீழ்க்கோடியில் இரண்டு பாலங்கள். ஊரை ஒட்டிய செங்கல் பாலம் ஒன்று. வயலுக்கு நடுவே ஃப்ரூம் ஆற்றின் மேல் கிரேஸ் பிரிட்ஜ் என்ற கல்பாலம் ஒன்று. வாழ்க்கையில் தோற்றவர்கள் தங்கள் தகுதிக்கு ஏற்ற பாலத்தில் சாய்ந்து நிற்பார்கள் என்று நாவலில் வரும். சாதாரணக் குடிகாரர்களுக்குச் செங்கல் பாலம். நன்றாக வாழ்ந்து கெட்டவர்களுக்குத் தூரத்துக் கல்பாலம், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க. ஹென்சார்ட் போய் நின்றது இரண்டாவதில். அங்கே இன்னும் ஓர் இரும்புப் பலகை இருக்கிறது: பாலத்தைச் சேதப்படுத்தினால் ஆயுளுக்கும் நாடு கடத்தப்படுவீர் என்று. டோல்பட்டில் கூலிகளுக்கு ஏழு வருடம், பாலத்தைச் சுரண்டினால் ஆயுள். இந்த ஊரில் கல்லுக்கு மரியாதை அதிகம்.

பாலத்தைத் தாண்டி நீர்ப்புல்வெளி வழியே நடந்தால் ஸ்டின்ஸ்ஃபோர்ட் கோயில். 1928 ஜனவரியில் ஹார்டி இறந்ததும் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்தான் அடக்கம் என்று பெரிய மனிதர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அவரோ சொந்த ஊரில் கிடக்கத்தான் விரும்பியிருந்தார். பங்கு போட்டு முடித்தார்கள். உடலை எரித்துச் சாம்பல் லண்டனுக்கு. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, முதல் மனைவி எம்மாவின் குழியில். எம்மா உயிரோடு இருந்த கடைசி வருடங்களில் இருவரும் ஒரே வீட்டில் வெவ்வேறு மாடியில் வாழ்ந்தவர்கள் மாதிரி; 1912-இல் அவர் இறந்த பிறகு ஹார்டி அவரை நினைத்து எழுதிய கவிதைகள்தான் அவருடைய ஆகச் சிறந்தவை என்பது பலர் கட்சி, என் கட்சியும். ஹென்சார்ட்டும் சூசனைத் தொலைத்த பிறகுதான் தேடினான். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை ஊரில் சந்தை. மாம்பரி ரிங்ஸ் திடலுக்கு அருகிலேயே கடை பரப்பியிருந்தார்கள்: முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, நாய்க்குப் படுக்கை, கைப்பேசி உறை. பழைய புத்தகம் விற்ற பெரியவரிடம் ஹார்டி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, துப்பறியும் கதைதான் போகிறது என்றார். எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார், சொன்னேன். அங்கேயெல்லாம் இதையா படிக்கிறீர்கள் என்று வியந்துவிட்டு, தன்னைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயப்படுத்தியதாகவும், ஐம்பது பக்கத்துக்கு மேல் போகவில்லை என்றும் சொன்னார். "ஆனால் மேயர் வீடு தெரியும். சவுத் ஸ்ட்ரீட்டில் நேரே போங்கள். என் தாத்தாவின் தாத்தா அந்த ஆளுக்கு வைக்கோல் வண்டி ஓட்டியவர் என்று வீட்டில் சொல்வார்கள்."

கூலி ஒழுங்காகக் கொடுத்தாரா என்று கேட்டேன்.

"குடிக்காத வரைக்கும் கொடுத்தாராம்" என்றார்.